கால்கரி வரை ஒரு கோடு

எட்டு மணி மாத்திரையை விழுங்கியாயிற்று. இனி ஒன்பது மணி வரை வெறும் தண்ணீர்தான். மாத்திரை காலி வயிற்றில் இறங்கி ஒரு மணி நேரம் ஆன பிறகே உப்புமா. ஒன்பது வருடமாகத் தெய்வசிகாமணிக்குப் பழகிப்போன பட்டினி இது. நடை திறக்கக் காத்திருப்பவரைப் போல மரியாதையாக உட்கார்ந்து பேப்பர் பார்ப்பார். இன்றைக்குப் பேப்பர் மடித்தபடியே கிடந்தது. பத்து மணிக்குள் ட்ராவல்ஸ் ஷகிலா பானுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சேலத்திலிருந்து கனடாவில் கால்கரி போக மூன்று வழி அனுப்பியிருந்தாள், மூன்றிலும் இரண்டிரண்டு சீட்டு பிடித்து வைத்திருந்தாள். பத்து மணி ஆச்சுன்னா கம்ப்யூட்டரே சீட்டை விட்ரும் சார், அப்புறம் என்னையத் திட்டக் கூடாது என்று நேற்றே சொல்லிவிட்டாள். திட்டுவாரா என்ன. ரயில்வே கண்ட்ரோல் ஆபீசில், எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எதை முன்னே விட வேண்டும் என்று போனிலேயே முப்பத்தொரு வருடம் சொல்லிக் குடித்தனம் நடத்தியவர் அவர். ஒரே நேரத்தில் பதினெட்டு வண்டிகளை ஓட்டியவருக்கு இரண்டு பேரை ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வழி தெரியவில்லை என்றால் ஊர் சிரிக்காதா. கூட்ஸ் வண்டி மனுஷனில்லை, அது வேறு விஷயம். கூட்ஸ் வண்டிக்கு முழங்கால் வலி கிடையாது, மாத்திரை கிடையாது, வயிற்றின் வலது பக்கம் அடியில் தங்கையின் கிட்னி கிடையாது. கை தானாக அங்கே போயிற்று. சட்டைக்கு மேலாகத் தடவிப் பார்த்தார். இருக்கிறது. எங்கே போகும். ஆனாலும் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது தடவிப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது நகராது. மனைவி அம்சவேணி முதலில் சிரிப்பாள், அப்புறம் அதட்டுவாள், இப்போது கண்டுகொள்வதே இல்லை.

சனிக்கிழமை காலை முகூர்த்தம். தங்கை கோகிலாவின் மகள் இனியாவுக்கு. தாய்மாமன் மணமேடையில் நின்று பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். கோகிலாவுக்கு வேறு அண்ணன் தம்பி இல்லை, ஆகையால் இனியாவுக்கு வேறு மாமனும் இல்லை. முன்கூட்டியே போய் ஹாயாக உட்காரலாம் என்றால் டாக்டர் விடவில்லை. புதன்கிழமை ரத்தம் கொடுங்க, வியாழன் காலையில ரிசல்ட் பார்த்துட்டுச் சொல்றேன், நல்லாருந்தா தாராளமா போங்க, ஒரு வேளை மாத்திரைகூட தவறக் கூடாது, பன்னிரண்டு மணி நேரம்னா பன்னிரண்டு மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டார். தவறினால் என்ன ஆகும் என்று தெய்வசிகாமணி கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. உடம்புக்கு அந்தக் கிட்னி இன்னமும் விருந்தாளிதான், மாத்திரை கொடுக்கிற மரியாதையில்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. மரியாதை குறைந்தால் உடம்பே அதை வெளியே போ என்று சொல்லிவிடும். கோகிலாவின் பொருளைக் கோகிலாவின் வீட்டுக்கே கொண்டுபோகும் வழியில் கெடுத்துவிட்டுப் போய் நிற்பதா, அதைவிட மானக்கேடு உண்டா. அவளோ அழைக்கும்போது ஒரு வார்த்தை சொன்னாள், அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருக்கிறது. முடிஞ்சா வாண்ணா, முடியலைன்னா பரவால்ல. பரவால்லையாமே. மாமன் வராவிட்டால் பரவாயில்லை என்று எந்தத் தங்கை சொல்வாள். ஒன்பது வருடமாக அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஆபரேஷன் ஆகி, ஆறு வாரம் கழித்து விமானம் ஏறியவள்தான். லீவு இல்லை, பெண்ணுக்குப் படிப்பு, புருஷனுக்கு வேலை மாற்றம் என்று வருடத்துக்கு ஒரு காரணம் இருந்தது. காரணமெல்லாம் நியாயமானதுதான். நியாயமான காரணமாகவே ஒன்பது வருடம் ஒருத்திக்கு வாய்க்குமா? கொடுத்துவிட்டு அப்புறம் மனசு வருந்துகிறாளோ, உடம்புக்கு முடியாமல் இருந்து சொல்லாமல் மறைக்கிறாளோ. இந்த இடத்துக்கு வந்தால் அவருடைய மனசு மேலே போகாது, சிக்னல் விழாத வண்டி மாதிரி அங்கேயே நின்று ஊதிக்கொண்டிருக்கும்.

சரி, சீட்டைப் பார்ப்போம். முதல் வழி: வெள்ளிக்கிழமை விடியலில் மூன்று மணிக்கு பெங்களூர், ஒன்பதுக்கு ஃபிராங்க்ஃபர்ட், பத்து இருபதுக்கு அங்கேயிருந்து புறப்பட்டால் பதினொன்று ஐம்பதுக்குக் கால்கரி. மாறுவதற்கு ஒரு மணி இருபது நிமிடம். பார்த்த உடனே அவருக்குப் பிடித்துப்போனது இதுதான். வந்தான், மாறினான், போனான். தெய்வசிகாமணிக்கு வண்டி சும்மா நிற்பது என்றால் ஆகாது. சர்வீசில் இருந்தபோது ஒரு வண்டி பத்து நிமிடம் கூடுதலாக நின்றால் மேலிடத்துக்குக் காரணம் எழுத வேண்டும், எழுதி எழுதி நிற்பதே ஒரு குற்றம் என்று ரத்தத்தில் ஊறிவிட்டது. அலமாரியிலிருந்து பழைய சார்ட் தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கம் திருப்பி, ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்தார். கண்ட்ரோலில் எல்லாமே சார்ட்தான். குறுக்கே மணி, மேலிருந்து கீழாக ஸ்டேஷன்கள், வண்டி ஓட ஓடப் பென்சில் கோடு. கோடு படுத்துக்கொண்டு போனால் கூட்ஸ், நிமிர்ந்து நின்றால் எக்ஸ்பிரஸ். பெங்களூர், ஃபிராங்க்ஃபர்ட், கால்கரி என்று மூன்று பெயர்களை ஓரத்தில் எழுதி, மூன்று மணிக்கு ஒரு புள்ளி, ஒன்பதுக்கு ஒரு புள்ளி, பத்து இருபது, பதினொன்று ஐம்பது. எட்டு மணி மாத்திரையைச் சிவப்புப் பென்சிலால் குறித்தார். காலை எட்டு, ஃபிராங்க்ஃபர்ட் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். ராத்திரி எட்டு, கோகிலா வீட்டில். வழியில் ஒரே ஒரு மாத்திரை! இவ்வளவு சுலபமா என்று சந்தோஷத்தில் தொடையில் தட்டிக்கொண்டார். அப்புறம்தான் கோட்டைப் பார்த்தார். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து கால்கரிக்குப் போகிற கோடு தென்னைமரம் மாதிரி செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் எவன் ஓட்டுகிறான். முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு கோட்டை அவர் போட்டதில்லை. யாராவது ஜூனியர் போட்டிருந்தால் சார்ட்டோடு சேர்த்துச் சுருட்டி வெளியே அனுப்பியிருப்பார். பழக்கதோஷம். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும் ஒரே கடிகாரத்தில் வண்டி விட்டவன் கை, அச்சடித்த மணியை அப்படியே தாளில் இறக்கிவிட்டது. அந்தந்த ஊர் மணி அந்தந்த ஊருக்கு என்று தெரியாதவரா. வாரம் தவறாமல் கோகிலாவிடம் பேசுகிறவர், இங்கே காலை என்றால் அங்கே ராத்திரி என்று தெரிந்தவர்தான். மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தனியாக ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் இந்திய மணிக்கு மாற்றி இரண்டாவது முறை கணக்குப் போட்டபோது சிரிப்பு நின்றுபோயிற்று. ஃபிராங்க்ஃபர்ட்டின் காலை எட்டு நம்முடைய பதினொன்றரை. கால்கரியின் ராத்திரி எட்டு நமக்கு மறுநாள் காலை ஏழரை. இரண்டு மாத்திரைக்கும் நடுவே இருபது மணி நேரம். இருபது! பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான் என்று டாக்டர் சொன்னது காதுக்குள் கேட்டது. கோடு மட்டும் போடாமல் இருந்திருந்தால், ஷகிலா அனுப்பிய மணியைப் பார்த்து, கையில் கட்டிய கடிகாரத்தை ஊருக்கு ஊர் திருப்பிக்கொண்டு, எட்டு எட்டு என்று சமர்த்தாக விழுங்கியபடி போயிருப்பார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, தாளைப் புதிதாக எடுத்து, மேலே பெரிதாக இந்திய நேரம் என்று எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தார். இப்போது கோடு ஒழுங்காகப் படுத்தது. மூன்றுக்குக் கிளம்பி, ராத்திரி பதினொன்று இருபதுக்குக் கால்கரி. நடுவில் காலை எட்டும் ராத்திரி எட்டும் வானத்தில். அப்படியே கால்கரி மணியையும் ஓரத்தில் எழுதிக்கொண்டு வந்தவர், ஒரு இடத்தில் பென்சிலை நிறுத்தினார். நம்முடைய ராத்திரி எட்டு, அங்கே காலை எட்டரை. நம்முடைய காலை எட்டு, அங்கே ராத்திரி எட்டரை. திரும்பவும் கழித்துப் பார்த்தார். ஆமாம். உலகத்தைப் பாதி சுற்றிப் போனால் அங்கேயும் அதே எட்டு மணி, அரைமணி முன்னே பின்னே. எத்தனை ஊர் இருக்கிறது உலகத்தில், இவள் போய்க் குடியிருக்கிற ஊருக்கு இப்படி ஒரு பொருத்தம். கடவுளே, உனக்கும் கண்ட்ரோல் வேலை தெரியும்போல என்று நினைத்துக்கொண்டார். அப்படியென்றால் நான் இங்கே மாத்திரை போடும்போதெல்லாம் அவள் அங்கே எட்டரை மணியில் இருந்திருக்கிறாள். காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டு, ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டு. ஒன்பது வருடம், தினம் இரண்டு தடவை. இது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்து, அந்த இரண்டு எட்டரையையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டார்.

ரவை வறுபடும் வாசனை வந்தது. பசித்தது. பசிப்பதே ஒரு பாக்கியம்தான். டயாலிசிஸில் கிடந்த காலத்தில் இந்த வாசனைக்குக் குமட்டும். அம்சவேணி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்று, "என்னுங்க, முடிவு பண்ணியாச்சுங்களா?" என்றாள். "ஒரு மணி இருபது நிமிஷத்துல ஃபிராங்க்ஃபர்ட்ல வண்டி மாறிருவியா நீ?" என்று கேட்டார். "எவ்வளவு தூரம் நடக்கோணும்?" "அதெப்படித் தெரியும். பக்கத்துப் பிளாட்பாரமாவும் இருக்கலாம், ஊரு கோடியிலயும் இருக்கலாம்." "அவசரத்துல அண்டாவுக்குள்ளயே கை போகாதுங்க. என் முழங்காலு போகுமாக்கு." "சக்கர நாற்காலி சொல்லிரலாம்." "நொண்டியா நானு? நீங்க வேணா உக்காருங்க, நான் தள்ளிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதுவும் நடக்கிற காரியம்தான். ஒன்பது வருடமாக அவள் தள்ளிக்கொண்டுதானே வருகிறாள். தண்ணீர் இவ்வளவு குடித்தார், இவ்வளவு போனார் என்று நோட்டில் எழுதி எழுதி அவளுடைய கையெழுத்தே நர்சு கையெழுத்தாகிவிட்டது. ஃபிராங்க்ஃபர்ட்டில் அந்த விமானம் தவறிப்போனால் அடுத்தது ஞாயிற்றுக்கிழமை என்று ஷகிலா சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போய் யாருக்குப் பட்டம் கட்டுவது. அப்புறம் இந்த பெல்ட் வேறு. விமானத்தில் இடுப்பு பெல்ட் சரியாக எங்கே வரும் என்றால் சரியாக அங்கேதான் வரும், அடிவயிற்றில், வலது பக்கம். டாக்டரிடம் கேட்டபோது சிரித்தார். கார்ல போறப்ப கட்றீங்கல்ல, அதே மாதிரிதான், இறுக்காதீங்க, எந்திரிச்சு நடங்க, தண்ணி குடிங்க. சிரிப்பு அவருக்கு. ஒன்பதரை மணி நேரம் கோகிலாவை பெல்ட் போட்டுக் கட்டி உட்கார வைக்கிற மாதிரி இருந்தது இவருக்கு.

இரண்டாவது வழி லண்டன். வெள்ளிக்கிழமை காலை ஏழுக்கு பெங்களூர். எட்டு மணி மாத்திரை வானத்தில். விமானம் ஏறியதுமே சாப்பாட்டை நீட்டுவார்கள், ஒன்பது மணிக்குக் கொடும்மா என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டால் போயிற்று, வாயுள்ள பிள்ளை பிழைக்கும். லண்டனில் இறங்கும்போது நம் மணிக்கு மாலை ஐந்தேகால், கிளம்பும்போது ராத்திரி பத்து இருபது. நடுவே ஐந்து மணி நேரம் சும்மா. அந்தச் சும்மாவுக்கு உள்ளே ராத்திரி எட்டு மணி மாத்திரை, ஆடாத அசையாத நாற்காலியில், தண்ணீரும் கழிப்பறையும் பக்கத்தில். அடுத்த மாத்திரை கால்கரியில் இறங்கி, பாஸ்போர்ட் வரிசையில். எல்லாம் பாந்தமாகத்தான் இருக்கிறது, அந்த ஐந்து மணி நேரத்தைத் தவிர. ஐந்து மணி நேரம் ஒரு வண்டியை நிறுத்தினால் என்னவென்று காரணம் எழுதுவது? வெள்ளிக்கிழமை ராத்திரி போய் இறங்கி, தூங்கினது பாதி தூங்காதது பாதியாகச் சனிக்கிழமை மேடையில் நிற்க வேண்டும். முதல் வழியில் போனால் மத்தியானமே போய்விடலாம். போய்விட்டால். அந்த ‘விட்டால்’ என்கிற சொல்லில்தான் கோடு அறுந்து அறுந்து போகிறது. மூன்றாவது வழியைப் பார்க்கவே அவருக்கு எரிச்சலாக வந்தது. மூன்று விமானம், நடுவே ஒரு ஊரில் பதினான்கு மணி நேரம் தேவுடு காக்க வேண்டும். இதையெல்லாம் எதற்கு அனுப்புகிறாள் அந்தப் பெண். "பதினாலு மணி நேரம் உக்காந்துக்கிட்டு எவனாச்சும் போவானா?" என்று வாய்விட்டே கத்திவிட்டார். உள்ளேயிருந்து அம்சவேணி, வெங்காயம் நறுக்குகிற கையை நிறுத்தாமல், "கோகிலா அப்படித்தானுங்க வந்தா" என்றாள். "எப்ப?" "அன்னிக்குத்தான். ஆபரேசனுக்கு. மூணு பிளேன் மாறி, எங்கியோ பதினாலு மணி நேரம் உக்காந்து, அப்புறம் மெட்ராஸ்ல எறங்கி ரயில்ல வந்தா. உங்களுக்குத் தெரியாதாக்கு?"

தெரியாது. தெய்வசிகாமணி பென்சிலைக் கீழே வைத்தார். அன்றைக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரமாகக் கோகிலா வந்து நின்றாள், கசங்கின சுடிதாரும் வீங்கின காலுமாக. சாப்பிட்டியா என்று கேட்டார், சாப்பிட்டேன் என்றாள். அவ்வளவுதான். எந்த வழியாக வந்தாய், எத்தனை இடத்தில் மாறினாய், எங்கே தூங்கினாய் என்று கேட்கவில்லை. உலகத்தில் யார் வந்தாலும் எந்த வண்டியில் வந்தீர்கள், எத்தனை நிமிடம் லேட்டு என்று கேட்காமல் காபிகூடக் கொடுக்காத மனுஷன் அவர். பக்கத்து வீட்டு மருமகள் அரக்கோணத்திலிருந்து வந்தால்கூடக் கேட்பார். கூடப்பிறந்தவள் கடல் கடந்து வந்ததைக் கேட்கவில்லை. அப்போது தன் உடம்பைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை, அது உண்மை. உப்பு இல்லாத கஞ்சி, ஊசி, கை வீக்கம், நான் நான் நான். அதுவாவது நோய் என்று சொல்லலாம். அப்புறம்? ஆறு வாரம் கழித்துத் தையல் ஆறியும் ஆறாமலும் அவள் கிளம்பினாளே, அப்போது எந்த வழியாகப் போனாள், பெட்டியை யார் தூக்கினார்கள், பெல்ட் அவளுக்கு எங்கே அழுத்தியது? இவருக்கு ஒரு பக்கம் தழும்பு என்றால் அவளுக்கு ஒரு பக்கம் தழும்பு. ஆபீசில் இருக்கும்போது ஒரு நாளைக்கு நூறு தடவை தேங்க்யூ மாஸ்டர், தேங்க்யூ மாஸ்டர் என்று ஸ்டேஷன் மாஸ்டர்களுக்குப் போனில் சொல்வார், கூட்ஸ் வண்டியை ஓரம் கட்டினதற்கெல்லாம். கோகிலாவுக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்ததோடு சரி. நன்றி சிறிதாக இருந்தால் வாயில் நுழைகிறது. இது நுழையவில்லை. நுழையாததால் மழை பெய்யுதா, குளிரா, இனியா எப்படி இருக்கா என்று ஒன்பது வருடமாக வாராவாரம் அதைச் சுற்றியே பேசிக்கொண்டிருந்தாயிற்று. என் பயணத்துக்கு மூன்று வழி, இரண்டு கலர் பென்சில், டாக்டர் கடிதம், நறுக்கென்று ஒரு பெண்டாட்டி. அவளுக்கு யார் கோடு போட்டார்கள்? கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு முப்பத்தைந்து. அங்கே ராத்திரி ஒன்பது ஐந்து. தூங்கியிருக்க மாட்டாள். போனை எடுத்தார்.

"என்னண்ணா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்லியே. மாத்திரை போட்டியா?" என்றாள் கோகிலா. பின்னால் ஏதோ டிவி ஓடிக்கொண்டிருந்தது. போட்டேன் என்றார். டிக்கெட் ஆச்சா என்றாள். "அம்மிணி, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீ எந்த வழியா வந்த?" "எந்த அன்னிக்கு?" "எனக்குக் கிட்னி குடுக்க வந்தியே, அன்னிக்கு." கிட்னி என்ற வார்த்தையை அவளிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. டிவி நின்றது. "இதை யாருமே கேட்டதில்லண்ணா" என்றாள். அப்புறம் சொன்னாள். மேட்ச் ஆகுதுன்னு டாக்டர் போன் பண்ணிய மறுநாளே கிடைத்த டிக்கெட்டில் ஏறினாளாம். கால்கரியிலிருந்து வான்கூவர், வான்கூவரிலிருந்து ஹாங்காங், ஹாங்காங்கில் பதினான்கு மணி நேரம், ஒரு செடித்தொட்டிக்குப் பின்னால் கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாளாம். அங்கே பயமே இல்லண்ணா, ஜாலியாத்தான் இருந்தேன் என்றாள். மெட்ராஸ்ல இறங்கி, பகல் ரயிலில் கோயம்புத்தூருக்கு ஏறினாளாம். சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் அங்கே இறங்கிவிட்டது. "அண்ணா, நான் இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. அவருகிட்டகூடச் சொன்னதில்ல. சேலம் வந்துச்சு. நம்மூரு. பிளாட்பாரத்துல அதே மாம்பழக் கூடை, அதே சத்தம். திடீர்னு பயம் வந்திருச்சுண்ணா. வயித்தைக் கிழிப்பாங்களே, நான் செத்துட்டா இனியா என்ன ஆவான்னு. எறங்கி வீட்டுக்குப் போயிரலாம், எனக்கு முடியலைன்னு சொல்லிரலாம்னு பெட்டியை எடுத்துட்டுக் கதவுகிட்ட வந்துட்டேன். முன்னால ஒரு பாட்டியும் பேரனும் மூட்டையோட ஏறிட்டு இருந்தாங்க, அவங்க ஏறி முடிக்கட்டும்னு நின்னேன். அதுக்குள்ள வண்டி நகந்துருச்சு. சேலத்துல அஞ்சு நிமிசம் நிப்பான்ல, அன்னிக்கு மூணு நிமிசங்கூட நிக்கல. நின்னிருந்தா நான் எறங்கியிருப்பேண்ணா. நெசமா எறங்கியிருப்பேன். நீங்கெல்லாம் என்னைய தெய்வம்ங்கறீங்க. அண்ணி வருசா வருசம் பொறந்தநாளுக்கு அப்படித்தான் எழுதறாங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊருக்கு வர்றது? அதான் வரல."

தெய்வசிகாமணிக்கு முதலில் தோன்றியது இதுதான்: வண்டி லேட்டு. லேட்டாக வந்திருக்க வேண்டும். அந்த லேட்டை எங்கே ஈடுகட்டுவது, நிற்கிற இடத்தில்தான் கிள்ளிக் கிள்ளி எடுக்க வேண்டும், ஐந்து நிமிட நிறுத்தத்தை மூன்றாக்கு. அன்றைக்கு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், அவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் இரண்டு பேர் வேலையை ஒற்றையாகப் பார்த்துக்கொண்டு, போனைக் காதில் இடுக்கியபடி சேலத்துக்குச் சொல்லியிருப்பார், அனுப்பு, அனுப்பு, பச்சை கொடு என்று. யார் என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. அந்த முகமில்லாத மனிதருக்கு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஏறிய அந்தப் பாட்டிக்கு, அந்தப் பேரனுக்கு, வண்டியை நகர்த்திய டிரைவருக்கு என்று மனசு ஒவ்வொருவராகக் கும்பிட்டுக்கொண்டே போயிற்று. கடைசியில் கதவருகே பெட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்ற நாற்பத்தாறு வயதுக்காரியிடம் வந்து நின்றது. இத்தனை வருடமும் பயமே இல்லாத ஒருத்தி கொடுத்தாள் என்று நினைத்து, அவள் முன்னால் வாயடைத்துப்போயிருந்தார். பயந்துகொண்டு கொடுத்திருக்கிறாள். சேலத்துக்கு அப்புறமும் ஈரோடு வந்தது, திருப்பூர் வந்தது, அங்கேயெல்லாம் வண்டி நின்றது, இரண்டு இடத்திலும் கதவு திறந்துதான் இருந்தது.

"அண்ணா? இருக்கியா?" என்றாள். இருக்கேன் என்றார். இருமிக்கொண்டார். "ஈரோட்டுல எத்தனை நிமிசம் நின்னுச்சு?" "ஈரோட்டுலயா? தெரியல. ரொம்ப நேரம் நின்னுச்சு. ஏன்?" "எறங்கலையே அம்மிணி, நீ." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நான் நல்லாருக்கேன். உன்னாலதான் நல்லாருக்கேன். இதை அன்னிக்கே சொல்லியிருக்கோணும், சொல்லத் தெரியல" என்றார். சொல்லி முடித்தபோது அது அப்படியொன்றும் கஷ்டமான வாக்கியமாக இல்லை. சமையலறையில் கடுகு வெடித்து அடங்கியது. அம்சவேணி எட்டிப் பார்த்து, அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் சத்தம் காட்டாமல் உள்ளே போனாள். "எந்தப் பிளைட்ல வர்றண்ணா?" என்று கோகிலா கேட்டாள். "லண்டன் வழியா. அஞ்சு மணி நேரம் உக்காந்து நிதானமா மாறி வர்றோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு அம்பதுக்கு எறங்கறோம். நீயே வா கூப்பிட." "கல்யாண வீட்டுல ஆயிரம் வேலை கிடக்குதுண்ணா, மொத நாளு. டிரைவரை அனுப்பறேன்." "டிரைவரு வேண்டாம். நீ வரோணும்" என்றார் தெய்வசிகாமணி. "வந்து கதவுகிட்ட நில்லு. நான் எறங்கி வர்றேன்."